மங்கம்மாவைக் காணவில்லை

1991 பெப்ரவரி 9, சனிக்கிழமை. லண்டன், மோர்டன். பனி கொட்டத் தொடங்கி மூன்றாவது நாள்.

— பாத்ரூம் பைப்புக்குப் பின்னால பாத்தீரோ?

— பாத்தாச்சுண்ணே. ரெண்டு தடவை.

— மூண்டாந்தரமும் பாரும். முதல் ரெண்டு தரமும் அங்கை இல்லாமல் இருந்திருக்கும், இப்ப வந்து படுத்திருக்கும். பாம்பு என்ன உமக்குச் சொல்லிப்போட்டே... இஞ்சை, நான் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. சாமான். உம்மட சாமான்.

— வீட்டுல நாம ரெண்டு பேருதாண்ணே இருக்கோம். அக்காதான் அப்டன் பார்க் போயிருக்காங்களே.

— பழகினா வாயில வரும், சுந்தர். நாலு மணிக்கு அவ வந்து முன்னால நிக்கேக்கையும் வரும்.

— மணி இப்ப ஒண்ணரை.

— அதைத்தான் சொல்லுறன். நாலு மணிக்கு முதல் உம்மட மங்கம்மா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க வேணும். இல்லாட்டில் நீர் இந்த வீட்டில இல்லை. நான் இருப்பனோ எண்டும் தெரியாது.

— எனக்கு ரூமைப் பத்திக்கூடக் கவலை இல்லண்ணே. புதன்கிழமையிலிருந்து காணோம். அதுக்கு முப்பது டிகிரி சூடு வேணும். ராத்திரி வெளிய தண்ணியெல்லாம் கல்லாயிருச்சு. தப்பித் தவறித் தோட்டத்துப் பக்கம் போயிருந்தா...

— போயிராது. ஜன்னல் ஒண்டும் திறக்கேல்லை. முன் கதவுக்குக் கீழ நானே துணி அடைச்சு வைச்சிருக்கிறன்.

— நவம்பர்லேர்ந்து ஒரு எலி கூடத் தின்னலண்ணே. சூடு பண்ணிக் காட்டுனேன், ஆட்டிக் காட்டுனேன், ராத்திரி உள்ள வச்சுட்டு வெளக்கை அணைச்சுட்டும் பாத்தேன். மொகத்தைத் திருப்பிக்கிச்சு. முதுகெலும்பு தெரியுது. இந்த நெலமையில குளிரும் சேந்தா...

— அழாதையும் காணும்.

— அழல. கட்டிலுக்கு அடியில தூசி.

— அது உண்மைதான். மூண்டு வருசத் தூசி கிடக்கு. கோதாரி, நான் என்ன விசருக்கு ஓமெண்டனான்? அறை கேட்டு வந்த நேரம் நீர் என்ன சொன்னீர்? 'கூட ஒரு சின்னப் பெட்டி இருக்கு, அண்ணே' எண்டு.

— உள்ள என்ன இருக்குன்னும் சொன்னேன்ல. முன்னாடி இருந்த வீட்டுல ஒரு வெள்ளைக்காரப் பையன் ஆஸ்திரேலியா போறப்ப விட்டுட்டுப் போயிட்டான், ராயல் பைத்தான், வெஷம் கிடையாது, பயந்தா பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ள ஒளிச்சுக்கும்னு எல்லாம் சொன்னேன். நீங்கதான் 'அவவுக்குக் கம்ப்யூட்டர் எண்டு சொல்லுவம்'னீங்க.

— வயர் கிடக்கு, சூடாகுது, லைட் எரியுது. வேறை என்னெண்டு சொல்லுறது?

— பிரீசர்ல இருக்குற எலிங்களை?

— பொதிக்கு மேல 'நெத்தலி' எண்டு எழுதி வைச்சன். அவவுக்கு நெத்தலி மணம் பிடிக்காது, தொடமாட்டா. அந்த வேலையில நான் ஒரு பிழையும் விடேல்லை.

— பெட்டி மூடி மேல ஒரு செங்கல் வச்சிருந்தேன். அதை எடுத்தது யாருண்ணே?

— குக்கருக்குப் பின்னால பாத்தீரோ?

— அண்ணே.

— ஷிப்ட் முடிஞ்சு காலமை வந்தா நித்திரை வராது, சுந்தர். நீர் வேலைக்குப் போயிடுவீர். அவவும் போயிடுவா. நான் கொஞ்சநேரம் அதுக்கு முன்னால போய் இருப்பன். பெற்றோல் ஷெட்டில நான் விடிய விடியக் கண்ணாடிக்குப் பின்னால. இஞ்சை வந்தா அது கண்ணாடிக்குப் பின்னால. ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டிருப்பம். செவ்வாய்க்கிழமை கையில எடுத்தும் பாத்தனான். என்ன மாதிரித் தோல்! கழுவித் துடைச்ச சப்பாத்து மாதிரி.

— கல்லைத் திருப்பி வச்சீங்களா?

— அதைத்தான் புதன்கிழமை தொடக்கம் ஞாபகப்படுத்திப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

— பேசாம அக்காகிட்ட சொல்லிரலாம்ணே. முதல்ல ஒரு சத்தம் போடுவாங்க. வெஷமில்லன்னு தெரிஞ்சா அடங்கிருவாங்க. எங்க வீட்டுல பல்லிக்கே ஊரைக் கூட்டுற ஆளுங்க உண்டு.

— பல்லியோ? இந்தப் படியில இரும். இரும் எண்டு சொல்லுறன். நான் எண்பத்தைஞ்சில இஞ்சை வந்திட்டன். என்ர மனிசி நாயகி எண்பத்தெட்டிலதான் வந்தவ. இடையில எண்பத்தேழு ஐப்பசி மாசம், ஊரில ஷெல் அடி. வீட்டுக்குப் பின்னால பங்கர் வெட்டிப் பனங்குத்தி அடுக்கி மண் போட்டு வைச்சிருந்தவை. ஒரு இரவு முழுக்க அவ, தாய் தகப்பன், தம்பி சின்னவன், அயல் ஆட்கள் எல்லாரும் அதுக்குள்ள. அந்தப் பங்கருக்குள்ள ஒரு புடையன்.

— புடையன்னா?

— நீங்கள் விரியன் எண்டுவீங்கள். கடிச்சால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேணும். அண்டைக்கு ரோட்டில ஆர் ஓடுறது?

— எண்பத்தேழு ஐப்பசி... அப்ப அங்க இருந்தது எங்க ஊரு ஆமிதானேண்ணே.

— ஓம். உங்கட ஊர் ஆமிதான்.

— அதான் அக்கா எங்கிட்ட அவ்வளவா பேச மாட்டேங்குறாங்களா?

— அவ என்னோடையே அவ்வளவா கதைக்கிறேல்லை. வந்த புதுசில நித்திரையில மட்டும்தான் கதை. 'அசையாதை, அசையாதை' எண்டுவா. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும். சின்னவனைத்தான் பிடிச்சு வைச்சுச் சொல்லியிருக்கிறா போல. எழுப்பிக் கேட்டா, ஒண்டுமில்லை எண்டிட்டுத் திரும்பிப் படுப்பா. இந்த ஒரு வருசமாத்தான் விடியும் மட்டும் ஒழுங்கா நித்திரை கொள்ளுறா. இனி ஒருநாள் இந்த வீட்டில அதைக் கண்டா எண்டு வையும், எல்லாம் திரும்பத் தொடங்கும். எனக்கு அதுதான் பயம். நீர் போறதும் நான் போறதும் பெரிய விசயமில்லை.

— அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்ட கேட்டதே இல்லையா?

— பங்கருக்குள்ள புடையன் கிடந்ததெண்டு மாமி, அவவின்ர தாய், டெலிபோனில சொன்னவ. அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது? கிண்டக் கூடாது. முருகன் படத்தில மயிலின்ர காலுக்குக் கீழ ஒண்டு கிடக்குமே, அந்தப் படத்தையே கழட்டி கராஜுக்குள்ள வைச்சிட்டன். இப்ப சாமித்தட்டில பிள்ளையார் மட்டும்தான்.

— கழட்டச் சொன்னாங்களா?

— சொல்லாமலே செய்ய வேண்டிய வேலை அது.

— இவ்வளவும் தெரிஞ்சுதான் எனக்கு ரூம் குடுத்தீங்களா?

— நீர் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மழைக்க நிண்டீர். நானும் இந்த ஊருக்கு வந்த அண்டைக்கு ஒரு பெட்டியோட ஒருத்தரின்ர வாசலில நிண்டனான். உள்ளுக்க என்ன கிடக்கெண்டு அந்த மனிசன் கேக்கேல்லை. சரி, எழும்பும். கதைச்சுக்கொண்டிருந்தா நாலு மணியாப்போயிடும்.

— இருங்கண்ணே. எலி ஒண்ணை எடுத்துச் சுடுதண்ணியில போட்டு, வாசத்துக்கு வருதான்னு பாப்போம்.

— சாப்பிடாத சாமான் வாசத்துக்கு வருமோ?

— எதையாச்சும் செய்யணும்ல. பிரீசரைத் தொறந்து... அண்ணே! இங்க வாங்க. பையைப் பாருங்க.

— என்ன?

— இது நான் போட்ட முடிச்சு இல்ல. நான் ஒத்தை முடிச்சுதான் போடுவேன். இது ரெட்டை முடிச்சு, அழகாப் போட்டிருக்கு. உள்ள ஒண்ணு குறையுது.

— குறையுதோ? அப்ப... கடவுளே! நெத்தலி எண்டு நினைச்சு எடுத்துச் சமைச்சுப்போட்டாவோ? நேற்று என்ன சாப்பிட்டனாங்கள்?

— நேத்து வெள்ளிக்கெழமை. பருப்பும் கத்தரிக்காயும்.

— நல்லாப் பாத்தனீரோ? கத்தரிக்காய்தானோ?

— காம்பு இருந்துச்சுண்ணே.

— காம்போ, வாலோ?

— காம்புதான்! சத்தியமா.

— முந்தநாள்?

— முந்தாநாள் தோசை. தேங்காய்ச் சம்பல்.

— சம்பலுக்குள்ள ஒண்டும் போடேலாது. தப்பினம். முருகா, தப்பினம். சும்மா தவறி விழுந்திருக்கும். பொதியை மூடி வையும், சுந்தர்.

— அண்ணே, யோசிச்சுப் பாருங்க. அது சூட்டைத் தேடித்தான் போகும். ரேடியேட்டருக்கு அடியில பாத்தாச்சு. டிவிக்குப் பின்னாடி, பிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்துல, உங்க பூட்ஸுக்குள்ள கூடப் பாத்தாச்சு. இந்த வீட்டுல வேற எங்க சூடு இருக்கு?

— என்ர நெஞ்சில.

— மாடிப்படி ஏறுனதும் ஒரு சின்னக் கதவு இருக்கே. அதுக்குள்ளதான சுடுதண்ணி டேங்க் இருக்கு?

— அதை விடும்.

— ஏன்?

— ஏரிங் கபேட் அது. உள்ளுக்க மா கிடக்கு.

— என்ன மாவு?

— தோசை மா. நாளைக்கு டொலறஸ் ரீச்சர் வீட்டு ஆட்கள் தோசைக்கு வரினம். இந்தக் குளிருக்கு மா பொங்குமோ? அந்த டாங்குக்குப் பக்கத்தில வைச்சால்தான் பொங்கும். கதவைத் திறந்தா சூடு போயிடும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் தொட வேண்டாமெண்டு சொன்னவ.

— எப்ப சொன்னாங்க?

— புதன்கிழமை காலமை.

— புதன்கிழமை வச்ச மாவு ஞாயித்துக்கிழமைக்கா? எங்கம்மா ராத்திரி கரைச்சு வச்சா காலையில மூடியைத் தூக்கிட்டு நிக்கும்.

— மதுரையில வெறும் நிலத்தில வைச்சாலும் பொங்கும், சுந்தர். இது லண்டன் மா. இஞ்சை எல்லாத்துக்கும் நாள் எடுக்கும்.

— நாலு நாள்ல புளிச்சுக் காடியாயிருமேண்ணே.

— எங்கட ஆட்களுக்குப் புளிப்பு விருப்பம்.

— அண்ணே, அந்தக் கதவுக்குக் கீழ ரெண்டு வெரல் இடைவெளி இருக்கு. வீடு முழுக்கத் தேடிட்டோம். அதை மட்டும் தொறக்கல.

— அவ திறக்க வேண்டாமெண்டவ.

— பாம்புக்காக...

— பதினொரு வருசமாக் கலியாணம் கட்டியிருக்கிறன். வேறை எதிலயும் அவவின்ர சொல்லைத் தாண்டியிருப்பன். மா விசயத்தில தாண்டினதில்லை.

— கொஞ்சமா. ஒரு கை நொழையுற அளவுக்கு. மூணு எண்ணுறதுக்குள்ள மூடிருவோம்.

— மா அமர்ந்து போச்செண்டா நீர்தான் பதில் சொல்லவேணும்.

— நான் சொல்றேன்.

— அப்ப திறவும். மெல்ல... இரும்! என்ன சத்தம்?

— முன் கதவு.

— மணி ரெண்டுகூட ஆகேல்லையே!

— இஞ்சருங்கோ! ரெயில் ஒழுங்கா ஓடேல்லையப்பா. ஸ்டேசனில நிண்டு நிண்டு பாத்திட்டுத் திரும்பிட்டன், கால் விறைச்சுப் போச்சு. கதவுக்குக் கீழ ஆர் இந்தத் துணியை அடைச்சது? ரெண்டு பேரும் படிக்கு மேல நிண்டு என்ன செய்யிறீங்கள்?

— நாயகி! ஒண்டுமில்லை. கார்ப்பெட் பாக்கிறம்.

— கார்ப்பெட்டில என்ன?

— தம்பியின்ர கம்ப்யூட்டரில ஒரு சின்னச் சாமான் கழண்டு விழுந்திட்டுது. அதைத்தான்...

— புதன்கிழமை தொடக்கமோ? சுந்தர், நீர் சொல்லும். இவருக்குப் பொய் சொல்லேக்கை காது சிவக்கும்.

— அக்கா... மன்னிச்சுக்கங்க. நான் இன்னைக்கே ரூமைக் காலி பண்ணிர்றேன். அது கம்ப்யூட்டர் இல்ல. பாம்பு. ஒண்ணும் செய்யாது, வெஷமில்ல. ஆனா காணோம்.

— நாயகி, இரும். அந்தக் கதிரையில இரும். சுந்தர், தண்ணி கொண்டாரும்!

— எனக்கு என்னத்துக்குத் தண்ணி? சப்பாத்துக்குள்ள முழுக்கத் தண்ணிதான். கழட்டிப்போட்டு வாறன். ரெண்டு பேரும் கத்தாமல் அப்பிடியே நில்லுங்கோ.

— பயப்பிடாதையும், நான் பக்கத்திலயே நிக்கிறன்.

— நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. சுந்தர், அந்தக் கபேட்டைத் திறவும். மெல்ல.

— மா அமர்ந்துபோகும், நாயகி!

— மா புதன்கிழமையே பொங்கிட்டுது. வியாழக்கிழமை தோசை சாப்பிட்டீங்களே, அது எந்த மா எண்டு ஒருத்தராவது கேட்டீங்களோ? திறவும், சுந்தர்.

— அக்கா... ஆத்தாடி! மங்கம்மா!

— ஆர்?

— அதோட பேருக்கா. சட்டியைச் சுத்திப் படுத்துருக்கு. உயிரோடதான் இருக்கு, நாக்கை நீட்டுது. அண்ணே, நாக்கை நீட்டுதுண்ணே! துண்டு போத்தியிருக்கு. யாருக்கா போத்துனது?

— பழைய டவல்தான். புதன்கிழமை காலமை மாவைப் பாக்கத் திறந்தனான். சட்டியைச் சுத்தி இது. சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைச்சுக்கொண்டு இந்தப் படியில கனநேரம் இருந்தன். பிறகு எட்டிப் பாத்தா, அது என்னைக் கண்டிட்டுத் தலையை உள்ளுக்க ஒளிச்சுக்கொண்டு கிடக்கு. சட்டியை இழுத்தா குழம்பிப்போகுமெண்டு, மாவை அகப்பையால வேறை சட்டிக்கு அள்ளினன். இது வெறும் சட்டி.

— அக்கா, வயிறு... நடுவுல உப்பியிருக்கே.

— நேற்றுச் சாப்பிட்டது.

— சாப்பிட்டுச்சா? மூணு மாசமா எதையும் தொடலையேக்கா!

— உங்கட நெத்தலிப் பொதியை நான் எப்பவோ பாத்திட்டன். நெத்தலிக்கு அவ்வளவு நீளத்தில வால் இல்லை. ஒண்டை எடுத்துச் சுடுதண்ணியில போட்டு, அப்பளம் பொரிக்கிற இடுக்கியால நீட்டினன். கண்ணை மூடிக்கொண்டுதான். பிடிச்சு இழுத்த இழுவையில இடுக்கியும் கையை விட்டுப் போச்சு. அது இனிச் சமையலுக்கு வேண்டாம், உம்மட பெட்டிக்கு மேல வைச்சிரும்.

— எங்கிட்ட மட்டும் ஏன் திங்கல?

— எனக்கென்ன தெரியும்? நாலு பக்கமும் கண்ணாடி, மேல லைட். இவர் வேறை காலமை காலமை வந்து முன்னால குந்தியிருந்து பாக்கிறது. அப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தா நானும் சாப்பிடமாட்டன். வாய் உடைஞ்ச மண்சட்டி ஒண்டு பின்னால கிடக்கு. உள்ளுக்கக் கவிட்டு வையும், ஒளிச்சிருக்கட்டும்.

— அப்ப... நான் ரூமை...

— ரூமுக்கு என்ன? நாளைக்கு ரீச்சர் ஆக்கள் வரேக்கை மட்டும் கதவைப் பூட்டிவையும். அந்த மனிசிக்கு ஏற்கெனவே பிரஷர்.

— எல்லாம் தெரிஞ்சுகொண்டும் நீர் ஏன் சொல்லேல்லை?

— நீங்கள் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு வளந்த ஆம்பிளையள் வீடு முழுக்க முழங்காலில தவழ்ந்து திரியிறீங்கள். எனக்கும் பொழுது போச்சு.

— சிரிக்கிறீர்.

— சிரிக்கக் கூடாதோ?

— சிரியும், நாயகி. சிரியும். நான் நினைச்சன், நீர் அதைக் கண்டா... அதுக்காகத்தானே படத்தைக்கூடக் கழட்டி...

— முருகன் படமோ? அதை ஏன் கழட்டினீங்களெண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. கராஜுக்குள்ள ஈரம் பிடிக்குது. எடுத்துக்கொண்டு வந்து மாட்டுங்கோ.

— பங்கருக்குள்ள புடையன் கிடந்ததெண்டு மாமி சொன்னவ. நீர் நித்திரையில 'அசையாதை' எண்டு கத்திறனீர். சின்னவனுக்குத்தானே சொன்னீர்?

— சின்னவன் அண்டைக்கு அம்மாவின்ர மடியில நித்திரை.

— அப்ப ஆருக்கு?

— பாம்புக்கு. விடியிறதுக்கு முதல் பங்கருக்கு மேல சப்பாத்துக் கால்கள் நடந்தது. சுந்தர், நீர் ஏன் தலையைக் குனியிறீர்? நிமிரும். மண் தலையில கொட்டுது, ஒருத்தரும் மூச்சு விடேல்லை. அந்த நேரம் அது வந்து என்ர பாதத்துக்கு மேல ஏறிக் கிடந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அம்மா விடியத்தான் கண்டவ. அது அசைஞ்சா நான் கத்துவன். நான் கத்தினா மேல கேக்கும். வேறை ஆரிட்டைக் கேக்கிறது? அதிட்டைத்தான் கேட்டன், வாய்க்குள்ள. அசையாதை, அசையாதை எண்டு.

— அசைஞ்சதோ?

— இல்லை. சப்பாத்துச் சத்தம் ரோட்டுக்குப் போகும் வரைக்கும் அது அசையேல்லை. விடிய ஒன்பது பேரும் வெளியில வந்தம்.